சிவப்பைப் பார்க்காத ஃபிலிம்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் கல்வராயன் மலைப் பள்ளிக்கூடம் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. ஓட்டுக் கூரை கீழே இருந்தது, பிள்ளைகளின் கால்கள் மேலே இருந்தன. துணிக்குள் பழைய நெடி. வெளியிலிருந்து ஈரமண் வாசனையும் எங்கோ பலாப்பழம் அழுகும் வாசனையும் வந்தன.

"டீச்சர், வெயில் வருதா பாருங்க" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

"வந்துக்கினே இருக்குதுக்கா. மேகம் வெலகுது."

"வரக் கூடாது! வந்தா எல்லாம் நாசமாப் போயிடும்."

வெயிலைத் திட்டும் போட்டோகிராபரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது. சரியாகச் சொன்னால் எந்தப் போட்டோகிராபரையுமே பார்த்திருக்காது. வரிசையாக நின்ற பிள்ளைகள் என் கத்தலைக் கேட்டுச் சிரித்தார்கள். ஓரமாக நின்ற தாய்மார்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை நடந்திருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் கிடந்த மரப்பெட்டிக் கேமராவைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெளியே போனதுண்டா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை போனேன். அந்த ஒரு தடவையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ரோடு இல்லாத வாரம்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மழை தொடங்கும் சமயத்தில், ஒரு வாரம் ரோடு என்பதே இல்லாமல் போனது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. எங்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் ஆடுகள் படுத்து அசைபோட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின நாள்தான் ஃபிலிம் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். போனவர் போனவர்தான். ஸ்டுடியோவில் ஒரு ரோல் கூட மிச்சமில்லை. ஊரில் மற்ற இரண்டு ஸ்டுடியோக்களிலும் இருந்ததைப் பத்திரிகைக்காரர்களும் போலீஸ்காரர்களும் போட்டி போட்டு வாங்கித் தீர்த்துவிட்டார்கள்.

அப்போதெல்லாம் வெளியே போய்ப் படம் எடுப்பது அவர் வேலை. டார்க் ரூம் என் ராஜ்யம். கல்யாணமாகி வந்த புதிதில் கழுவின படங்களைக் கொடியில் மாட்ட மட்டும்தான் என்னை விட்டார். பிறகு அவர் கழுவுவதைவிட நான் கழுவுவது நன்றாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்களே சொல்ல ஆரம்பித்ததும், பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். கேமராவை மட்டும் கொடுக்கவில்லை. "அது வேற கணக்கு வசந்தா" என்பார். என்ன கணக்கு என்று கேட்டால் பதில் வராது.

ரேணுகா டீச்சர்

கடையைத் திறந்து வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ரேணுகா டீச்சர் வந்தாள். சங்கராபுரத்துப் பெண். மலைமேல் ஒரு சின்ன ஊரில், ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவள்தான் அந்த ஒரே ஆசிரியர். எப்போதாவது தன் படம் எடுத்துக்கொள்ள எங்களிடம் வருவாள். என்னைவிடச் சின்னவள், எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு போட்டோ வேணும். மலைக்கு வரணும். இன்னைக்கே."

"இன்னா விஷயம், உக்காரு மொதல்ல."

உட்காராமலே சொன்னாள். சில நாட்களுக்கு முன் கடலூரிலிருந்து ஒரு கல்வி அதிகாரி மலைப் பள்ளிகளைப் பார்க்க வந்திருக்கிறார். அவர் இவள் பள்ளிக்கு வந்த அன்று சாமைக் காட்டில் களையெடுப்பு. பெரிய பிள்ளைகள் தாய்மாரோடு காட்டில், நடுவயசுப் பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில். பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகளும் ஓர் ஆட்டுக்குட்டியும்தான் இருந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டிலோ முப்பதுக்கு மேல் பெயர். எல்லாம் பொய்ப் பெயர் என்று முடிவு செய்துவிட்டார். பள்ளியை மூடச் சொல்லியும், டீச்சர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியும் அறிக்கை எழுதித் தயாராக வைத்திருக்கிறார்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரா?"

"எங்கக்கா போறது? மரம் வெட்டிப் போட்டிருக்காங்களே. இங்க டிராவலர்ஸ் பங்களாவிலதான் மாட்டிக்கினு இருக்காரு. நான் போய்க் கெஞ்சினேன். புள்ளைங்களக் கூட்டிக்கினு வந்து காட்டுன்றாரு. இந்தக் கலாட்டாவில சின்னப் புள்ளைங்களக் கீழ எறக்க முடியுமா? யாரு அனுப்புவாங்க?"

"அப்புறம்?"

"சரி, போட்டோவாவது கொண்டா. ஒவ்வொரு மொகமும் தெளிவாத் தெரியணும். நான் கைய வெக்கிற புள்ளைக்கு நீ பேரு சொல்லணும், மத்த விவரமும் சொல்லணும்னாரு. ரோடு தொறந்தா அவரு கெளம்பிடுவாருக்கா. அறிக்கை போச்சுன்னா ஸ்கூலும் போச்சு."

ரோடு அடைத்திருப்பதால்தான் எனக்கு ஃபிலிம் இல்லை. ரோடு அடைத்திருப்பதால்தான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. எந்தச் சாமியிடம் எதை வேண்டுவது என்று எனக்குப் புரியவில்லை.

எழுத்துக்கு மட்டும் உள்ள ஃபிலிம்

ஃபிலிம் அடியோடு இல்லை என்று சொன்னேனே, அதில் ஒரு திருத்தம். ஒரு பெட்டியின் அடியில் கொஞ்சம் லைன் ஃபிலிம் இருந்தது.

லைன் ஃபிலிம் என்பது ஆட்களை எடுப்பதற்கானது அல்ல. அச்சகக்காரர்கள் எழுத்து, கோடு, வரைபடம் இவற்றை நகல் எடுக்க வைத்திருப்பது. கறுப்பு, வெள்ளை இரண்டும்தான் அதற்குத் தெரியும். நடுவில் சாம்பல் என்று ஒன்று இருப்பதையே அது ஒப்புக்கொள்ளாது. கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நில வரைபடங்களுக்கும் நாங்கள் அதைப் பயன்படுத்துவோம். பெரிய தாளாக வரும். வெட்டினால் மரப்பெட்டிக் கேமராவுக்குச் சரியாக உட்காரும்.

எதிர் மருந்துக் கடைக்கு மெட்ராஸிலிருந்து என் வீட்டுக்காரரின் டிரங்க் கால் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டது.

"லைன் ஃபிலிம்ல மனுஷன எடுப்பாங்களா? உனக்கு இன்னா பைத்தியமா? மூஞ்சியெல்லாம் தார் பூசின மாதிரி வரும். அதுக்கு வெளிச்சக் கணக்கே கெடையாது. பெட்டியில போட்டிருக்கானா பாரு!"

பார்த்தேன். போட்டிருக்கவில்லை. அச்சகத்து விளக்குக்கு எத்தனை வினாடி என்று மட்டும் இருந்தது. வானத்து வெளிச்சத்துக்கு ஒன்றும் இல்லை.

"நீங்க வர்றதுக்குள்ள நான் கண்டுபுடிச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு பின்வாங்க எனக்குத் தெரியாது.

டீச்சர் காணாமல் போனாள்

அவருடைய லைட் மீட்டர் அலமாரியில் இருந்தது. உள்ளங்கை அளவு, பேட்டரி வேண்டாதது. வெளிச்சம் பட்டால் முள் நகரும். முள் நிற்கும் இடத்தை வைத்து எவ்வளவு நேரம் ஃபிலிமுக்கு வெளிச்சம் காட்டுவது என்று கணக்குப் போட வேண்டும்.

அன்று சாயங்காலமே ஸ்டுடியோவின் பின்முற்றத்தில் டீச்சரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். செம்மண் தரை, மஞ்சள் வெயில், முற்றத்துக்கே ஒரு கல்யாணக் களை. மீட்டரின் முள் துள்ளிக்கொண்டு மேலே போனது. லைன் ஃபிலிம் மந்தமானது என்று தெரியும், அதனால் மீட்டர் சொன்னதைவிடத் தாராளமாகவே காட்டினேன்.

ஃபிலிம் கழுவும் டெவலப்பரில் மும்மடங்கு தண்ணீர் ஊற்றி நீர்த்துப் போகச் செய்தேன். காரம் குறைந்தால் சாம்பல் நிறம் கொஞ்சமாவது வருமென்று ஓர் ஊகம். படத்தைப் போட்டுப் பார்த்தால் டீச்சரைக் காணோம். வெள்ளை ரவிக்கை இருக்கிறது, பல் இருக்கிறது. நடுவில் ஆள் இல்லை.

"இன்னாக்கா இது, நான் செத்துட்டனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. டார்க் ரூமில் சிவப்பு பல்புக்குக் கீழே உட்கார்ந்து, அடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், அந்த அதிகாரியைத் திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது.

கையில் இருக்கும் ஃபிலிம் சிவப்பு பல்புக்கு நேராக இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. லைன் ஃபிலிமைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். அதன் அர்த்தம் மட்டும் தெரியாமல் இருந்தேன். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு என்றால் இருட்டு. அவ்வளவுதான்.

மீட்டருக்கு அப்படி இல்லை. செம்மண், சாயங்கால மஞ்சள், டீச்சரின் மாநிறம் எல்லாவற்றையும் அது வெளிச்சம் என்று சேர்த்துக் கணக்குச் சொல்கிறது. ஃபிலிமோ அதில் பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை. ஊர் முழுக்கச் செம்மண்ணாக இருக்கும் எங்களுக்கு மீட்டர் இப்படிப் பொய் சொல்லாமல் வேறென்ன செய்யும்?

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவர் கடைக்குப் போனேன். டியூப் லைட்டில் சுற்றுகிற நீலக் கண்ணாடிக் காகிதம் ஒரு துண்டு வாங்கி வந்தேன். அதை மடித்து மீட்டரின் கண்ணில் ஒட்டினேன். இனிமேல் ஃபிலிமுக்கு எது தெரியுமோ அதுதான் மீட்டருக்கும் தெரியும். முற்றத்துச் செம்மண்ணைக் காட்டினால் முள் அசையாமல் படுத்துக் கிடந்தது. வானத்தைக் காட்டினால் எழுந்தது. எனக்கு அதைக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

மேகமூட்டத்தில் டீச்சரை மறுபடி உட்கார வைத்தேன். ஒரே தாளில், அதைச் செருகியிருந்த சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, ஒரு பக்கம் அரை வினாடி, அடுத்தது ஒன்று, அடுத்தது இரண்டு என்று வெளிச்சம் காட்டினேன். கழுவிப் பார்த்ததில், நீலக் காகிதக் கணக்குப்படி சரியாக வர வேண்டிய பட்டையில் டீச்சரின் கன்னமும் மூக்குத்தியும் தெரிந்தன. மூக்கும் மூக்குத்தியும் தனித்தனியாகத் தெரிந்தன! மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

சோதனைக்குப் போக மிச்சம் நாலு தாள்.

குறுக்கே கிடந்த மரம்

டீச்சரின் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தோம். கேமராவின் முக்காலி ஸ்டாண்டை நான் தோளில் போட்டுக்கொண்டேன். கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா அது பொட்டி?"

"கேமரா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எல்லோரும் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்கள். ஒருவர் மரத்தின்மேல் ஏறி நின்றே விட்டார்.

"எங்கள ஒண்ணு எடும்மா. பேப்பர்ல வரட்டும்."

"என்கிட்ட நாலே நாலு தாள்தாங்க இருக்குது. மலையில ஒரு பள்ளிக்கூடத்த மூடப் போறாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு எடுக்கப் போறோம்."

டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மரத்தின்மேல் நின்றவரைப் பார்த்து, "எறங்குடா கீழ" என்றார். பிறகு எங்களிடம், "நாங்களும் புள்ளைங்க படிப்புக்குத்தானேம்மா இங்க உக்காந்துக்கினு இருக்கோம். குடு இப்படி" என்று கேமராவை வாங்கினார். குழந்தையைக் கை மாற்றுவதுபோல் அந்தப் பெட்டியை ஆளுக்கு ஆள் கொடுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்தார்கள். சைக்கிளையும் தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த மரத்துக்காரர்கள் கேட்டால் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னோம், வேலை செய்தது.

கோமுகி அணையைத் தாண்டி அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு ஏறினோம். பாதி வழியில் என் மூச்சு எனக்கு முன்னால் ஓடியது. டீச்சர் கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் ஏறும் பாதை என்பதால் பேசிக்கொண்டே போனாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

அன்றிரவு டீச்சர் தங்கும் வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டுப் படுத்தோம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி வீடு வீடாகச் சொல்லியாயிற்று.

மஞ்சள் சண்டை

காலையில் மலை முழுக்கப் பனி மாதிரி மேகம் படிந்திருந்தது. நான் வேண்டிக்கொண்ட வெளிச்சம். வெயில் அடித்தால் லைன் ஃபிலிமில் பாதி முகம் சுண்ணாம்பு, பாதி முகம் கரி. இந்த மாதிரி மூட்டத்தில் முகம் முழுக்க ஒரே சீராக விழும். சந்தோஷமாகக் கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். எனக்கு உயிரே போய்விட்டது.

பிள்ளைகள் அத்தனை பேர் முகத்திலும் மஞ்சள். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை வித்தியாசம் இல்லை. படம் எடுக்கிற நல்ல காரியம் ஆயிற்றே என்று தாய்மார்கள் விடியற்காலையிலேயே எழுந்து அரைத்து, தேய்த்து, தேய்த்து, தகதகவென்று நிறுத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம் வேறு.

கண்ணுக்கு அழகுதான். ஆனால் சிவப்பைப் பார்க்காத ஃபிலிமுக்கு மஞ்சளும் பாதிக் குருடு. என் மீட்டரை ஒரு பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முள் அசையக்கூட இல்லை.

"எல்லாரும் மொகத்தக் கழுவுங்க" என்றேன்.

பிறகு ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு, முன்னால் வந்தாள். "மஞ்சளக் கழுவறதா? நல்ல நாளும் அதுவுமா? இன்னா பேச்சு இது?"

"போட்டோல மஞ்சள் கறுப்பா விழும்மா."

"மஞ்சள் எங்கயாச்சும் கறுப்பா விழுமா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கே இரண்டு நாளைக்கு முன் தெரியாத விஷயம். ஆனால் பொறுமையாக விளக்குகிற ஆள் நான் இல்லை. மேகம் வேறு மெலிந்துகொண்டிருந்தது. நான் கத்த, அவர்கள் கத்த, பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

ரேணுகா டீச்சர்தான் நடுவில் புகுந்தாள். கத்தவில்லை. "ஏம்மா, மொகம் தெரியலன்னா ஸ்கூல மூடிடுவாங்க. நான் இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தாய் டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மஞ்சளே இல்லாம நிக்கக் கூடாது" என்றாள், கொஞ்சம் இறங்கி.

"கால்ல பூசுங்க" என்றேன். "கால் எப்படி விழுந்தாலும் எனக்குக் கவலையில்ல. மொகத்துக்கு நான் பவுடர் தரேன்."

ஸ்டுடியோக் கண்ணாடி முன்னால் வைக்கிற பவுடர் டப்பாவை வழக்கம்போல் பைக்குள் போட்டு வந்திருந்தேன். பவுடர் என்றதும் சண்டை அந்த இடத்திலேயே முடிந்தது. ஓடையில் முகம் கழுவி வந்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் பூசிய பூச்சில், கூத்துக்கு வேஷம் கட்டினவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். டப்பா என் கையை விட்டுப் போய், எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தேன். முள் எழுந்தது.

மூச்சைப் பிடி

நீலக் காகிதத்தோடு மீட்டர் இரண்டு வினாடி என்றது. காகிதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அரை வினாடி என்றது. இரண்டு வினாடி முப்பது பிள்ளைகளை அசையாமல் நிறுத்துவதைவிட அரை வினாடி எவ்வளவோ சுலபம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அரை வினாடிதான் வைத்திருப்பார். ஒரு தாளை அப்படி வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. வேண்டாம். நாலும் நீலக் காகிதத்துக்கே என்று முடிவு செய்தேன்.

"ஓடையில முங்கும்போது மூச்சப் புடிப்பீங்க இல்ல, அப்படிப் புடிங்க" என்றேன். பிடித்தார்கள், கன்னம் உப்பி, கண் பிதுங்க. அதைப் பார்த்து ஒருவன் சிரிக்க, வரிசையே குலுங்கியது. ஒரு தாள் போனது. அடுத்ததில் ஒரு ஆடு குறுக்கே நடந்து போனது. மூன்றாவதில் சின்னவள் ஒருத்தி வரிசையை விட்டு அம்மாவிடம் ஓடினாள்.

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கறுப்புத் துணிக்குள் என் தலை. கையில் கடைசித் தாள். வெயில் வந்துகொண்டிருந்தது.

"வந்தா வரட்டும், எடுத்துடலாமா அக்கா?"

"முடியாது. நில்லுங்க."

காத்திருந்தோம். வெயில் கூரை மேல் வந்தது, ஒரு பக்கத்துப் பிள்ளைகளின் தலைமேல் வந்தது. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெரிய மேகம் புரண்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. துணியை விட்டு வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். முள் முன்பைவிடக் கீழே. மூன்று வினாடி.

அதற்குள் வரிசை ஓரத்தில் ஏதோ நெருக்கடி, தள்ளுமுள்ளு. அதட்ட நேரமில்லை. தாளைச் செருகினேன். டீச்சர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிரார்த்தனை நேரத்தில் செய்வதுபோல் குச்சியால் தரையில் ஒரு தட்டு தட்டினாள். அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாமே! லென்ஸ் மூடியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூடினேன். ஆடுகூட அசையவில்லை.

ஈரப் படம்

அன்று பொழுது சாயும்போது கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். மறுநாள் விடிந்ததும் டார்க் ரூமுக்குள் போனோம். டீச்சரையும் உள்ளே விட்டேன், வெளியே நின்றால் கதவைப் பிறாண்டுவாள் போலிருந்தது.

லைன் ஃபிலிமில் ஒரு சுகம் உண்டு. மற்ற ஃபிலிம்களைக் கும்மிருட்டில் கழுவ வேண்டும், கடைசியில்தான் தெரியும். இதைச் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம். தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வானம் வந்தது. பிறகு சட்டைகள். பிறகு முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கண் கண்ணாக, மூக்கு மூக்காக. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன்.

"வந்துட்டாங்கக்கா" என்றாள் டீச்சர். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இருந்ததா என்று சந்தேகம்தான்.

நெகட்டிவ் காய்ந்ததும் அதே அளவில் படம் போட்டேன். படம் தண்ணீரில் கிடக்கும்போது தெருவில் பஸ் ஹாரன் சத்தம். மருந்துக் கடைக்காரர் கதவைத் தட்டினார். "ரோடு தொறந்துட்டாங்க வசந்தாம்மா! பங்களா வாசல்ல ஜீப்பு நிக்குது!"

ஈரப் படத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பஸ் ஸ்டாண்டு முனையில் ஒரு லாரியிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத் தாடி, கையில் பை. பையை உயர்த்திக் காட்டி, "வசந்தா! ஃபிலிம் வந்துடுச்சு!" என்றார்.

"வூட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டு அவரைத் தாண்டி ஓடினேன்.

பங்களாப் படியில்

அதிகாரி படியிறங்கிக்கொண்டிருந்தார். பெட்டி ஜீப்பில் ஏறிவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகப் பங்களாச் சமையல்காரர் கைச்சாப்பாடு சாப்பிட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது.

"சார், போட்டோ" என்று டீச்சர் நீட்டினாள். தண்ணீர் சொட்டியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஏம்மா, எல்லாப் பிள்ளைகளும் கறுப்பு சாக்ஸ் போட்டிருக்கா?"

"மஞ்சள் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளக்க நான் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

பேனா மூடியால் ஒரு முகத்தைத் தொட்டார். டீச்சர் பெயர் சொன்னாள், வகுப்புச் சொன்னாள், அப்பன் பெயர் சொன்னாள். இன்னொரு முகம். இவனுக்குக் கணக்கு வரும், எழுத்து வராது என்றாள். இன்னொன்று. இவள் அன்றைக்கு நீங்கள் வந்தபோது இருந்தவள், ஆட்டுக்குட்டி இவளுடையது என்றாள். அவர் படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஆமாம், இந்தப் பொண்ணுதான்" என்றார்.

பிறகு எண்ண ஆரம்பித்தார். உதடு அசைய, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். குறைகிறதா? சின்னவள் அம்மாவிடம் ஓடினாளே, அவள் திரும்பி வந்து நின்றாளா இல்லையா?

"டீச்சர்" என்றார். "உங்க ரிஜிஸ்டர்ல இருக்கறதவிட இதுல பத்துப் பன்னிரண்டு பேர் ஜாஸ்தியா இருக்காங்களே."

டீச்சர் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். வரிசை ஓரத்தில் தள்ளுமுள்ளாக வந்து நின்றவர்கள். சாமைக் காட்டிலிருந்து ஓடி வந்தவர்கள், தம்பியை இடுப்பில் வைத்தவர்கள். யாரோ ஒரு தாய் அவர்கள் முகத்திலும் பவுடரை அப்பியிருந்தாள். கண் கண்ணாக, மூக்கு மூக்காக நின்றார்கள்.

"இவங்க இன்னும் ஸ்கூல்ல சேரலைங்க" என்றாள் டீச்சர் மெதுவாக. "ஊர்லதான் இருக்காங்க. அனுப்பச் சொல்லி வூடு வூடாப் போய்க்கினுதான் இருக்கேன். நேத்து அவங்களாவே வந்து நின்னிருக்காங்க."

"இத்தனை பேருக்கும் நீங்க ஒருத்தி எப்படிம்மா பாடம் எடுப்பீங்க?"

"அதத்தாங்க நான் வந்ததுலேருந்து ஆபீசுக்கு எழுதிக்கினு இருக்கேன்."

அவர் ஜீப்பிலிருந்து தோல்பையை எடுத்து, உள்ளேயிருந்து இரண்டு காகிதங்களை உருவினார். எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே அவற்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அதுதான் அந்த அறிக்கை என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"வண்டிய ஆஃப் பண்ணுப்பா" என்றார் டிரைவரிடம். பங்களாப் படியிலேயே உட்கார்ந்தார். பையின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"இந்த ஓரத்துல நிக்கறவங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க டீச்சர். நிதானமாச் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல. ரெண்டாவது வாத்தியார் கேட்டு நானே எழுதறேன்."

ரேணுகா டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நேராக நின்று, உரக்கப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.